நீளக் கழுத்தும் கண்ணாடித் தரையும்

— அதையேதான் டாக்டர், இன்னொரு தடவை. இப்ப என்னைப் பாக்காதீங்க, ஃபோனைப் பாருங்க. முகம் கொஞ்சம் மலர்ச்சியா இருக்கட்டும். ம், ஓடுது. சொல்லுங்க.

— வணக்கம். அதாவது, நம்ம தொடையெலும்பு நட்டு வச்ச தூண் மாதிரி நேரா இருக்காது. மேல போய் உள்பக்கமா வளைஞ்சு ஒரு உருண்டையில முடியும். அந்த உருண்டை இடுப்புக் குழியில போய் உக்காந்திருக்கும். அதாவது, உருண்டைக்கும் தண்டுக்கும் நடுவுல இருக்கிற பாகத்துக்குக் கழுத்துன்னு பேர். இந்தக் கழுத்து சிலருக்குக் குட்டை, சிலருக்கு நீளம். நீளமா இருக்கிறவங்களுக்கு இடுப்பு முறியிற வாய்ப்பு அதிகம்...

— போதும், போதும்! அங்கயே நிறுத்திக்கலாம். பிரமாதம் டாக்டர்.

— நான் இன்னும் முடிக்கலையே சார். ‘விழுந்தா’ன்னு ஒரு வார்த்தை பாக்கி இருக்கு.

— அது எதுக்கு டாக்டர்? வியாபாரம் நடக்கிற எடத்துல விழுந்தா கிழுந்தான்னு பேசிக்கிட்டு.

— டேய் தம்பி. ஒருத்தி இங்க வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது உன் கண்ணுக்குத் தெரியுதா? செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்னுதானே வண்டியில ஏத்தின? சினிமா எடுக்கப் போறோம்னு சொல்லியிருந்தா நானும் தலையைச் சீவிக்கிட்டு வந்திருப்பேன்.

— அக்கா, நீ உக்காரு. நீ ஃப்ரேம்லயே இல்ல.

— அதான் தெரியுமே. கடையிலயும் இல்ல, ஃப்ரேம்லயும் இல்ல.

— அம்மா, நீங்க கோவப்படாதீங்க. அதாவது, பொதுமக்கள் விழிப்புணர்வுக்கு ஒரு வீடியோன்னு சார் கேட்டார். நானும் டை கட்டிட்டு வந்தேன்.

— விழிப்புணர்வா? கேட்டுக்கோங்க டாக்டர். இவன் டைல்ஸ் கடை முதலாளி. டைல்ஸ் வியாபாரிங்க சங்கத்துக்குத் தலைவர் வேற. கடை பூரா புதுசா ஒரு டைலைப் போட்டு, ‘கண்ணாடித் தரை’ன்னு பேரும் வச்சிருக்கான். மழை பெஞ்ச அன்னிக்கு ஒரு கஸ்டமர் குடையோட உள்ள வந்தார். குடையிலேருந்து நாலு சொட்டு. வாங்கன்னு கூப்பிடப் போனவ நான், அப்படியே பக்கவாட்டுல சறுக்கி விழுந்தேன். கடையில இருந்த அத்தனை பேரும் பாத்தாங்க. சொந்த அக்கா இடுப்பையே ஒடச்ச டைலுன்னு இப்ப ஊர் வாயெல்லாம் அதான். அந்த வாயை அடைக்கத்தான் இவனுக்கு உங்க வாய் வேணும்.

— நான் என்ன சொல்றேன்னா, உண்மையைச் சொல்றதுல என்ன தப்பு? என்னோட தரை உலகத்தரம். முகம் பாத்துத் தலை சீவலாம். ஒடைஞ்சது உன் எலும்பு, என் டைல் இல்ல. ஒரு கீறல்கூட விழலை, போய்ப் பாரு!

— பாத்தேன்டா. உன் டைல்ல முகத்தை என்னைவிடக் கிட்டத்துல பாத்தவ யாரும் இல்ல. கன்னம் ஒட்டிக் கிடந்தேனே.

— சார், ஒரு சந்தேகம். வலது பக்கமா திரும்பி உக்காரட்டுமா? அந்தப் பக்கம் எடுத்தா நான் நல்லா இருப்பேன்னு சொல்வாங்க.

— திரும்புங்க டாக்டர், தாராளமா திரும்புங்க. அந்த பிளாஸ்டிக் எலும்பைக் கையில எடுத்துக்கோங்க. செங்கோல் மாதிரி பிடிங்க. ஆகா! இப்ப அந்தக் கழுத்து நீளம் எப்படி வருதுன்னு சொல்லுங்க. தரைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு மக்களுக்குப் புரியணும்.

— அதாவது, இதெல்லாம் பெரும்பாலும் பரம்பரை...

— பரம்பரை! ஆகா, என்ன ஒரு வார்த்தை! அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க. ப-ரம்-ப-ரை.

— அதாவது, பரம்பரை. எலும்போட அடர்த்தி ஒரு கணக்கு, அமைப்பு வேற ஒரு கணக்கு. இந்த அம்மாவுக்கு அடர்த்தி நல்லாத்தான் இருக்கு. வயசுக்கு மீறின கெட்டி எலும்பு. ஆனா கழுத்து நீளம். சுவத்துல பலகை அடிக்கிறோம் பாருங்க, அது ரொம்ப வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ஒரு இடி வாங்கினாலும் அடியில விண்டு போகும். அந்த மாதிரி. பக்கவாட்டுல விழுந்தா இடுப்போட வெளிப்பக்கம் இருக்கிற இந்த எலும்பு மேடுதான் மொதல்ல தரையில மோதும். மோதுற அடி நேரா கழுத்துக்குப் போகும். ஆனா விழாத வரைக்கும்...

— கட்! கட்! டாக்டர், மறுபடியும் ‘விழுந்தா’வை உள்ள கொண்டுவந்துட்டீங்க. பலகையோட நிறுத்தியிருந்தா அற்புதமா இருந்திருக்கும்.

— சார், மன்னிக்கணும். என் வாக்கியத்தை நீங்க பாதியில வெட்டுறீங்க. ‘கழுத்து நீளம், அதனால முறிஞ்சது’ன்னு நான் சொன்னதா ஊர்ல ஓடினா, என்கூடப் படிச்ச டாக்டருங்க என்ன நினைப்பாங்க? அதாவது, வாய்ப்பு வேற, காரணம் வேற.

— பொதுமக்களுக்கு அந்த வித்தியாசம் எல்லாம் எதுக்கு டாக்டர்? குழம்பிடுவாங்க.

— நான் குழம்பலைடா. நல்லாத் தெளிவா கேக்கிறேன், பதில் சொல்லு. இந்தக் கழுத்து எனக்கு நேத்தா மொளைச்சுது? அறுபது வருஷமா இதே நீளம்தான். இதே கழுத்தோடதான் பஸ்ஸுக்கு ஓடினேன், மாடிப்படி ஏறினேன், உன் சைக்கிள் பின்னாடி உக்காந்து பள்ளத்துல எல்லாம் குதிச்சேன். அப்பல்லாம் ஒடையலை. உன் கண்ணாடித் தரை வந்துச்சு, ஒடைஞ்சுது. இதுல பழசு எது, புதுசு எது? நீயே சொல்லு.

— அக்கா, நீ உணர்ச்சிவசப்படுற. இது அறிவியல்.

— அறிவியலா? அறிவியலை அவரு முழுசா சொல்ல வந்தா நீ கட் சொல்றியே!

— நான் என்ன சொல்றேன்னா, உன் நல்லதுக்குத்தான் எல்லாம். இனிமே நீ கடைக்கு வந்து கஷ்டப்பட வேணாம். வீட்ல ராணி மாதிரி இரு. உன் எலும்பு அமைப்பு கடை வேலைக்கு ஒத்து வராதுன்னு டாக்டரே சொல்லிட்டார்.

— நானா? அப்படி ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வரவே இல்லையே! அதாவது, இவங்க நல்லா நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. வாக்கரோட வேலைக்குப் போகலாம், போறதுதான் நல்லது. வீட்லயே உக்காந்தா எலும்பும் தேயும், மனசும் தேயும்.

— வார்த்தையில சொல்லலை டாக்டர், அர்த்தத்துல சொன்னீங்க.

— ஆகா! கேட்டுக்கோங்க டாக்டர். மனுஷங்களைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்றதைப் பாத்திருக்கேன். எலும்போட கழுத்தைப் பிடிச்சுத் தள்றதை இப்பதான் பாக்கிறேன். அந்தக் கடை தகரக் கொட்டாயா இருந்தப்ப வாசல்ல நின்னு கூவிக் கூவி வித்தவ நான். இவனுக்குக் கஸ்டமர் முகத்தைப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்கும், பின்னாடி போய் மூட்டை அடுக்குவான். மேல் அடுக்குல இருக்கிற பெட்டியை நான் எட்டி எடுப்பேன். அதனாலதான் எல்லாரும் என்னை ஏணி அக்கான்னு கூப்பிட்டாங்க. அன்னிக்கு என் நீளம் உனக்கு இனிச்சுது. இன்னிக்குக் கசக்குது.

— பழைய கதை எல்லாம் எதுக்கு இப்ப?

— புதுக்கதை சொல்லவா? என் நாற்காலியில உன் மச்சினன் உக்காந்திருக்கானாமே! குஷன் வேற வாங்கிப் போட்டிருக்கானாம். கிரானைட்டுக்கும் மார்பிளுக்கும் என்ன வித்தியாசம்னு ஒருத்தர் கேட்டதுக்கு, ‘ரெண்டும் கல்லுதாங்க’ன்னு பதில் சொல்லி அனுப்பியிருக்கான். எனக்குக் காது எல்லாம் நல்லா கேக்குது. ஒடைஞ்சது இடுப்பு மட்டும்தான்.

— அவன் கத்துக்குவான். சின்னப் பையன்.

— நாப்பது வயசுல சின்னப் பையன். நான் மட்டும் கிழவி.

— சார், அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் அமைதியா இருங்க. வெளிய பேஷண்ட்ஸ் இருக்காங்க.

— ஸாரி டாக்டர். உங்க மனசு நோகும்படி ஏதாவது சொல்லியிருந்தா, அதுக்கு ஈடா ஒண்ணு பண்றேன். உங்க ரூம் தரையைப் பாருங்க, சொரசொரன்னு, மாட்டுக் கொட்டகை மாதிரி. உங்க தகுதிக்கு இதுவா தரை? என் கண்ணாடித் தரையை என் ஆளுங்களை விட்டுப் போட்டுத் தர்றேன். அன்பளிப்பு! ஆஸ்பத்திரி காரிடார் முழுக்க வேணும்னாலும் போட்டுடலாம்.

— ஐயோ, வேணாம் சார்! அதாவது... ரொம்ப நன்றி. ஆனா இங்க வர்றவங்கள்ல பாதிப்பேர் ஒத்தைக் கால்ல வர்றவங்க.

— இதை எடுடா வீடியோ! ஏன்டா ஃபோனைக் கீழ எறக்கிட்ட? தூக்குடா!

— அக்கா!

— டாக்டர், சொன்னதை முழுங்கிடாதீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க. வலது பக்கமே திரும்பிச் சொல்லுங்க. உங்க ரூம்ல இந்தத் தரையைப் போட விடுவீங்களா மாட்டீங்களா?

— அம்மா, என்னை ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டி விடாதீங்க. நான் எலும்பு டாக்டர். தரையைப் பத்தி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. அதாவது, இருக்கு. ஆனா சொல்ல மாட்டேன்.

— நீங்க சொல்லவே வேணாம், சொல்லிட்டீங்க. தம்பி, உன்னை இன்னும் ஒண்ணு கேக்கிறேன். நம்ம அம்மா விழுந்தது ஞாபகம் இருக்கா?

— அம்மாவை எதுக்கு இப்ப இழுக்கிற?

— இழுப்பேன். கேட்டுக்கோங்க டாக்டர். எங்க அம்மா பஸ்லேருந்து எறங்கும்போது விழுந்து, இதே இடது இடுப்பு, இதே எடத்துல முறிஞ்சுது. இந்தத் தலைவர் அன்னிக்கு என்ன பண்ணார் தெரியுமா? பஸ் டெப்போவுக்கே போய் டிரைவர் சட்டையைப் பிடிச்சுட்டார். ‘கிழவி எறங்குறதுக்குள்ள எப்படிடா வண்டியை எடுப்பே’ன்னு ஊரையே கூட்டினார். நியாயமான கோவம், நானும் கூட நின்னேன். ஏன்டா, அன்னிக்கு அம்மா எலும்புக்குக் கழுத்தே இல்லையா? அம்மா விழுந்தா டிரைவர் தப்பு. நான் விழுந்தா என் எலும்பு தப்பு. உன் கடையில நடந்தா மட்டும் நியாயத்துக்கு வேற அளவா?

— அது... அது வேற விஷயம்க்கா.

— எது வேற? அம்மா வேறயா, இடுப்பு வேறயா, நீ வேறயா?

— ஒரு நிமிஷம் அம்மா. உங்க அம்மாவுக்கும் இதே மாதிரி முறிஞ்சுதா? அவங்களும் உயரமா?

— எங்க குடும்பமே உயரம்தான் டாக்டர். என்னையே பாருங்களேன். சங்க ஆண்டுவிழா ஃபோட்டோவுல என்னைத்தான் நடுவுல நிறுத்துவாங்க. ஆறடி! கால்தான் பாதி!

— ம். சார், நம்ம ஆஸ்பத்திரியில எலும்புப் பரிசோதனை முகாம் நடந்துதே, நீங்கதானே வந்து ரிப்பன் வெட்டினீங்க?

— ஆமா! அதுல மொதல்ல அந்த மெஷின்ல படுத்ததே நான்தான். மக்களுக்கு ஒரு முன்னுதாரணமா. அந்த ஃபோட்டோ என் ரூம்ல மாட்டியிருக்கு.

— ஃபோட்டோவுல என்னமா சிரிச்சுக்கிட்டுப் படுத்திருப்பான் தெரியுமா டாக்டர்? பொறந்த குழந்தை மாதிரி.

— அதாவது, ஃபோட்டோ எடுத்ததும் எந்திரிச்சுப் போயிட்டீங்க. ரிசல்ட்டை வாங்கவே இல்ல. எங்க நர்ஸ் கூப்பிட்டப்ப, ‘தலைவர் மீட்டிங்ல இருக்கார்’னு சொல்லிட்டாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கும். பாக்கட்டுமா?

— பாருங்க, பாருங்க. நல்லதாப் போச்சு. வீடியோவுல அதையும் சேத்துடலாம். அக்கா எலும்பு இப்படி, தம்பி எலும்பு இரும்பு. இதே தரையில தினமும் நடக்கிறான், கம்பீரமா நிக்கிறான். எப்படி இருக்கு ஐடியா?

— ம்.

— என்ன டாக்டர்?

— ம்... ம்ம்.

— டாக்டர், ‘ம்’முன்னா?

— அதாவது, ம்ன்னா... கொஞ்சம் பொறுங்க, பெருசு பண்ணிப் பாக்கிறேன். ம்.

— சொல்லுங்க டாக்டர். இவ்வளவு நேரம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தலை, இப்ப பேசுங்கன்னா முனகுறீங்க. வீடியோ ஓடுதாடா தம்பி?

— இரு அக்கா! அதை ஆஃப் பண்ணிட்டேன். டாக்டர், சொல்லுங்க.

— இங்க பாருங்க சார். இது உங்க உருண்டை, இது தண்டு. இது ரெண்டுக்கும் நடுவுல... இது கழுத்து.

— இதுவா? இவ்வளவுமா?

— அதாவது, ஆம்பளைங்களுக்குப் பொதுவாவே பொம்பளைங்களைவிடக் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். அதனால அம்மாவோடதையும் உங்களோடதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அளக்கக் கூடாது. ஆனா ஆம்பளைங்க கணக்கை வச்சுப் பாத்தாலும், இது... கொஞ்சம் தாராளம்.

— அடடா! டைல் மாதிரி அடுக்குற அளவுக்குக் கழுத்தை வாங்கி வச்சிருக்கியேடா தம்பி!

— சும்மா இரு அக்கா! டாக்டர், நீளம் இருந்தா என்ன, எலும்பு கெட்டிதானே?

— அதைத்தான் சொல்ல வந்தேன். அம்மாவுக்கு நீளம் இருந்தாலும் அடர்த்தி கை கொடுக்குது. உங்களுக்கு அடர்த்தியும் கொஞ்சம் எறங்கியிருக்கு. நடப்பீங்களா?

— எங்க டாக்டர் நேரம்? கடையில சுழல் நாற்காலி. அதுலயே உருண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போயிடுவேன். அப்புறம் சங்கம், மீட்டிங், கார்.

— வெயில்?

— ஏசி.

— ம்.

— அந்த ‘ம்’மை மட்டும் விடுங்க டாக்டர். பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லைல்ல?

— ஒண்ணுமே இல்ல சார். மாத்திரை இருக்கு, நடை இருக்கு. எலும்பு சும்மா இருக்கிறப்ப அதுவா போய் முறிஞ்சுக்காது. நிம்மதியா இருங்க.

— சரி. சரி... டாக்டர்.

— சொல்லுங்க.

— விழுந்தா?

— அப்பாடா! இப்பதான் சார் அந்த வார்த்தை உங்க வாயிலேருந்து வருது! ரெண்டு தடவை அதைச் சொல்ல வந்தேன், ரெண்டு தடவையும் வெட்டினீங்க. விழுந்தாத்தான் சார் எல்லாமே. கழுத்து நீளத்தை நான் குறைக்க முடியாது, நீங்களும் குறைக்க முடியாது. விழாம இருக்கத்தான் பாக்க முடியும். வெளிச்சம், கைப்பிடி, கால்ல என்ன போடுறோம்...

— சொல்லுங்க டாக்டர், ஏன் முழுங்குறீங்க? காலுக்குக் கீழ?

— காலுக்குக் கீழ என்ன இருக்குங்கிறது. ஆமாம்மா, அதையும் சொல்லிடுறேன். வழவழ தரையில நாலு சொட்டுத் தண்ணி போதும். அவ்வளவுதான்.

— கேட்டியா? இப்ப சொல்லு தம்பி. உன் சட்டப்படி எலும்பு அமைப்பு ஒத்து வராதவங்க கடையில இருக்கக் கூடாது. வா, ரெண்டு பேருமா வீட்ல இருப்போம். நான் ராணி, நீ ராஜா. கடையை உன் மச்சினன் ஆளட்டும். ரெண்டும் கல்லுதாங்கன்னு வித்துத் தீத்துடுவான்.

— கிண்டல் பண்ற நேரமாக்கா இது? நான் விழுந்து வச்சா என்ன ஆகுறது?

— நான் விழுந்தப்ப நீ என்ன பண்ணே தெரியுமா? நான் தரையில கெடக்கிறேன், எந்திரிக்க முடியலை, கஸ்டமர் எல்லாம் சுத்தி நிக்கிறாங்க. நீ ஓடி வந்து மொதல்ல குனிஞ்சு டைலைத் தடவிப் பாத்தே. அப்புறம்தான் என்னைப் பாத்தே. ஆபரேஷனோட வலிகூட ஆறிடுச்சுடா. அது ஆறலை.

— அப்ப ஒண்ணும் புரியலைக்கா. கோடவுன் முழுக்க அந்த டைல்தான். பேர் கெட்டுடுமேன்னு...

— உன் கோடவுன் நிறைய டைல் இருக்கு. எனக்கு ஒரே ஒரு நாற்காலிதான்டா இருக்கு. அதுல உக்காந்தாதான் நான் மனுஷி. வீட்ல சுவத்தைப் பாத்துக்கிட்டு ராணியா இருக்க என்னால ஆகாது. கேட்டுக்கோ. என்னை நீ கூப்பிட்டாலும் சரி, கூப்பிடலைன்னாலும் சரி, இந்த வாக்கரைத் தள்ளிக்கிட்டு நாளைக்கு வருவேன். உள்ள விடலைன்னா வாசல்ல நிப்பேன். வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வேன்: ‘தரை பளபளன்னு இருக்குங்க, வாங்குங்க. ஆனா மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் கழுத்தை அளந்துட்டு வந்து வாங்குங்க.’ கூவி விக்கிறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல.

— அம்மா, ரத்த அழுத்தம் ஏறப்போகுது. உக்காருங்க. சார், நீங்களும் உக்காருங்க. ஏன் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல டாக்டர். வீடியோவை அழிச்சுட்டேன். ஒரு ஃபோன் பேசணும், வெளிய போய்ப் பேசிட்டு வந்துடுறேன்.

— எங்க ஓடுற? இங்கயே பேசு. வெளிய காரிடார்ல இப்பதான் தண்ணி தெளிச்சுத் துடைக்கிறாங்க.

— ...சரி, இங்கயே பேசறேன். ஹலோ, மாப்ள? ஆமா, செக்கப் முடிஞ்சுது. வீடியோவா? அதெல்லாம் எடுக்கலை, சொல்றதைக் கேளு. நான் வர்றதுக்குள்ள வாசப்படியிலேருந்து என் ரூம் வரைக்கும், என் ரூம்லேருந்து பாத்ரூம் வரைக்கும் சாக்கு விரிச்சு வை. நல்ல சொரசொரப்பான சாக்கா பாரு. ...தெரியும்டா, தரை மறைஞ்சுடும்னு எனக்குத் தெரியாதா? மறையட்டும்! ...யாருக்காகன்னு கஸ்டமர் கேட்டா, பாவம், அக்காவுக்காகப் போட்டிருக்கோம்னு சொல்லு. ...என்னது? அக்காதான் இனிமே வரமாட்டாங்களேன்னா? அவங்க கடையில இல்லாம அவங்களுக்காகன்னு சொன்னா எவன்டா நம்புவான்? மொதல்ல அவங்க நாற்காலியை விட்டு எந்திரி!